டெலியாவின் கைப்பக்குவம்

கில்ஷானா, மேயோ மாவட்டம், அயர்லாந்து
மார்ச் 19, 1911

கடல் கடந்து போய் அமெரிக்காவின் வயிற்றை ஆளும் மகாராணி, என் தங்கை பெற்ற தங்கம் டெலியாவுக்கு,

உன் தாய்மாமன் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும், உன் அத்தை சபைனாவும், எங்கள் மகள் உனாவும், வண்டி இழுக்கும் என் கிழட்டுக் குதிரை பிஷப்பும் நலம். நால்வரில் பிஷப்புக்குத்தான் பசி அதிகம், அறிவும் அதிகம்.

போன ஞாயிற்றுக்கிழமை இந்த ஊரில் ஒரு பூகம்பம் நடந்தது. பாஸ்டனிலிருந்து திரும்பிய வினிஃப்ரெட் லோஃப்டஸ் பூசைக்கு வந்தாள். அவள் தலையில் ஒரு தொப்பி. தொப்பியா அது! அதன் நிழலில் நாலு மாடு படுத்து அசை போடலாம். பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்றுகொண்டு, ஊர் முழுக்கக் கேட்கும்படியான ரகசியக் குரலில் உன் அத்தையிடம் சொன்னாள்.

"சபைனா அக்கா, மனசைத் திடப்படுத்திக்கோங்க. உங்க டெலியாவைப் பிடிச்சு துறைமுகத்துல ஒரு தீவுல வெச்சிருக்காங்க. அவ சுமக்குறவளாம். டாக்டரே சோதிச்சுப் பார்த்துச் சொல்லிட்டாரு."

"சுமக்குறாளா! அடிப் பாவி மகளே, யாருடீ அப்பன்?"

அவ்வளவுதான். நான் பிஷப்பை வண்டியில் பூட்டி முடிப்பதற்குள் ஊர் உனக்கு மூன்று மாப்பிள்ளைகளைத் தேடிக் கொடுத்துவிட்டது. ஒருவன் போலீஸ்காரன், ஒருவன் ஜெர்மன் கசாப்புக்காரன், மூன்றாமவன் புராட்டஸ்டண்டு. உன் அத்தை முதல் இருவரையும் எப்படியோ விழுங்கிவிட்டாள். மூன்றாமவன் தொண்டையில் சிக்கிக்கொண்டான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அழுகை. ஆனால் வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து வெள்ளைக் கம்பளி நூலை எடுத்ததையும் நான் பார்த்தேன்.

மாலையில் கோய்ன் பாதிரியார் வந்தார். கையில் செய்தித்தாள். அதைப் படித்து விளக்கினார். நீ பிள்ளை சுமக்கவில்லையாம், காய்ச்சலைச் சுமக்கிறாயாம். உனக்குக் காய்ச்சல் இல்லையாம், ஆனால் உன்னிடம் காய்ச்சல் இருக்கிறதாம். நீ சமைத்துப் போட்ட வீடுகளில் எல்லாம் அது உன் கை வழியாக இறங்கிப் போயிருக்கிறதாம்.

நான் எழுந்து நின்றேன். "சாமி, சுமக்கிறதுதான் குற்றம்னா முதல்ல என்னைப் பிடிச்சுப் போடுங்க. மீசை முளைச்ச நாள்லேர்ந்து இந்த ஜில்லாவுல சுமை ஏத்துறவன் நான். சவப்பெட்டி ஏத்தினேன், செத்துப் போகலை. மேஜர் வீட்டுப் பியானோ ஏத்தினேன், ஒரு பாட்டு வரலை. பன்றி ஏத்தினேன், பன்றியாகலை" என்றேன். கடைசிக் கூற்றை மட்டும் உன் அத்தை ஒப்புக்கொள்ளவில்லை.

பாதிரியார் போன பிறகு அவள் நூலை மறுபடி பெட்டிக்குள் வைத்தாள். "குழந்தையா இருந்திருந்தா தேவலாமே" என்றாள்.

இது என்ன கூத்து என்று உடனே எழுது. நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும், பிஷப்பைக் கடலில் இறக்கி ஓட்டிக்கொண்டு வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
மேயோவின் சரக்குப் போக்குவரத்துச் சக்கரவர்த்தி, சேற்றுப் பாதைகளின் காவலன், உன் மாமன்
ஃபெஸ்டஸ் கெராட்டி


துறைமுகத் தீவு, பாஸ்டன்
ஏப்ரல் 11, 1911

அன்புள்ள மாமா, அத்தை, உனா,

கடிதம் கிடைத்தது. இங்கே வந்த பிறகு நான் சத்தமாகச் சிரித்தது அன்றைக்குத்தான். பக்கத்து வார்டு நர்சு எனக்கு ஜுரம் வந்து பிதற்றுகிறேனோ என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். ஜன்னல் வழியாகத்தான்.

மாமா, அது உண்மைதான். அல்லது உண்மை என்று சொல்கிறார்கள். எனக்குத் தெரியவில்லை.

வாட்லி வீட்டில் நான் இரண்டு வருஷமாகச் சமைத்தேன். போன கோடையில் வீட்டில் டைஃபாய்டுக் காய்ச்சல் வந்தது. முதலில் துணி துவைக்கிறவளுக்கு, பிறகு தோட்டக்காரருக்கு, பிறகு கானிக்கு. கானி அந்த வீட்டுச் சின்னப் பெண், ஆறு வயது. மற்ற இருவரும் பிழைத்துவிட்டார்கள். அந்தப் பெண் பிழைக்கவில்லை.

அதற்கு அப்புறம் டாக்டர் ஹோல்கம் என்று ஒருவர் வந்தார். கிணறு, சாக்கடை, பால்காரன், மீன் எல்லாம் பார்த்தார். கடைசியில் அடுப்படிக்கு வந்து நின்றார். நான் முன்னால் வேலை பார்த்த வீடுகளின் பேரெல்லாம் அவரிடம் இருந்தது. அங்கெல்லாம் காய்ச்சல் வந்ததா என்று கேட்டார். வந்தது, மாமா. எல்லா வீட்டிலும் இல்லை, ஆனால் வந்தது. காய்ச்சல் எந்த வீட்டுக்குத்தான் வரவில்லை? அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"சார், எனக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்லையே" என்றேன்.

"அதுதாம்மா பிரச்சினையே" என்றார்.

என்னிடமிருந்து என்னென்னவோ கண்ணாடிக் குடுவையில் எடுத்துக்கொண்டு போகிறார்கள். எழுதவே கூசுகிறது. ஒரு வாரம் கிருமி இருக்கிறது என்கிறார்கள், மறு வாரம் இல்லை என்கிறார்கள், அடுத்த வாரம் மறுபடி இருக்கிறது. ஜெர்மனியில் ரொட்டி சுடுகிற ஒருத்தி இப்படித்தானாம். நியூயார்க்கில் ஒரு சமையல்காரி, அவளும் நம் நாட்டுக்காரியாம். "எங்க ஊர்ப் பொண்ணுங்களாப் பார்த்துத்தான் பிடிப்பீங்களா?" என்று கேட்டேன். அவர் கெட்ட மனுஷர் இல்லை. "இந்த ஊர்ல எல்லா அடுப்படியிலும் நிக்கிறது நீங்கதானேம்மா" என்றார்.

நான் சூடாகச் சமைத்தது எதனாலும் வந்திருக்காதாம். வேகாத பண்டம்தான் ஆபத்தாம். பாலாடையை நுரைக்க அடித்து, ராஸ்பெர்ரிப் பழத்தை நசுக்கிக் கலந்து, ஐஸில் வைத்துக் குளிரக் குளிரக் கொடுப்பேன். கானிக்கு அதுதான் உயிர். முக்காலியைப் போட்டு என் பக்கத்தில் ஏறி நின்றுகொள்வாள். "டெலியா, ஸ்பூன் வேணாம், விரல்ல குடு" என்பாள். நானும் கொடுப்பேன்.

அவள் படுத்த பிறகு கஞ்சி ஊட்டினதும் நான்தான். வேறு யார் கையாலும் வாங்க மாட்டேன் என்றாள்.

மாமா, இதைப் பற்றி இனி எழுத மாட்டேன்.

இப்போது நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். இனி யாருக்கும் சமைக்க மாட்டேன் என்று நான் சத்தியம் செய்து, என்னை வைத்துக்கொள்கிறோம் என்று சொந்தக்காரர்கள் டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதினால், கப்பலேற்றி அனுப்பிவிடுவார்களாம். அம்மாவும் அப்பாவும் போன பிறகு எனக்கு நீங்கள்தான். இரண்டு வரி போதும். கோழிகளைப் பார்த்துக்கொள்கிறேன், மாடு பார்க்கிறேன், புல் அறுக்கிறேன். அடுப்புப் பக்கம் போக மாட்டேன். எனக்கென்று ஒரு தட்டு, ஒரு குவளை தனியாக வைத்துக்கொள்கிறேன்.

அத்தைக்கு என் முத்தங்கள் என்று எழுதி அடித்துவிட்டேன். அன்பு என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

உங்கள்
டெலியா டூஹி


கில்ஷானா
ஜூன் 4, 1911

அநியாயமாகச் சிறைப்பட்ட இளவரசி டெலியாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்து உன் மாமன் அழுத அழுகையில் ஊர் ஆறு கரை புரண்டு, பக்கத்து ஊர்க்காரர்கள் மூட்டை முடிச்சோடு மலைமேல் ஏறிவிட்டார்கள். பிறகு எனக்குக் கோபம் வந்தது. அந்தச் சூட்டில் வெள்ளம் வற்றியது.

சமையல்காரி கை வழியாகத்தான் நோய் வருகிறதாம்! அப்படியென்றால் உலக சரித்திரத்தையே திருப்பி எழுத வேண்டும். நான் வண்டியில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். எகிப்து ராஜாக்கள் ஏன் அத்தனை பேரும் மம்மியானார்கள்? சமையல்காரி. ரோமாபுரி ஏன் விழுந்தது? படையெடுப்பாலா? இல்லை, பாலாடையால். நெப்போலியன் மாஸ்கோ வரைக்கும் போய் ஏன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பினான்? பனியாம், குளிராம்! அவன் கூடாரத்தில் மேயோக்காரி ஒருத்தி கரண்டியோடு நின்றிருப்பாள், சந்தேகமே வேண்டாம். நம் பெண்களை இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே பிடித்துத் தீவில் போட்டிருந்தால் இன்றைக்கு எல்லா ராஜாக்களும் உயிரோடு இருந்து நம் உயிரை வாங்கிக்கொண்டிருப்பார்கள்.

இதைத் தபால் நிலையத்தில் வைத்துப் பிரசங்கமாகவே செய்தேன். எல்லோரும் சிரித்தார்கள். மூலையில் உட்கார்ந்திருந்த கிழவர் மாங்கன் மட்டும் சிரிக்கவில்லை. "பெரும் பஞ்சத்துல எங்கப்பன் சூப்புக் கொட்டகை வரிசையில நின்னு சூப்பு வாங்கிட்டு வந்தான். கூடவே காய்ச்சலையும் வாங்கிட்டு வந்தான். சூப்பு ஊத்தினவ நல்ல பொம்பளைதான்" என்றார். இந்த மாதிரி ஆட்களை எதற்குத்தான் தபால் நிலையத்துக்குள் விடுகிறார்களோ.

உன் அறை தயார். மேல் அறைக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. அடித்த வெள்ளையின் வெளிச்சத்தில் கோழிகள் இரவு பகல் தெரியாமல் எந்நேரமும் கூவுகின்றன.

டாக்டருக்குக் கடிதமும் தொடங்கிவிட்டேன். உன் மாமன் இரண்டு வரி எழுதுகிற ஆளா? "மாட்சிமை தாங்கிய" என்று தொடங்கி அவருடைய பட்டங்களை ஊகித்து எழுதி முடிப்பதற்குள் தாள் தீர்ந்துவிட்டது. புதுத் தாள் வாங்க வேண்டும். சதுப்பு நிலத்தில் அடுப்புக்குக் கரி வெட்டும் வேலை முடியட்டும், முதல் காரியம் அதுதான்.

உன் அத்தை சில சந்தேகங்கள் கேட்டாள். பெண்பிள்ளைகள் கேட்பதுதான்.

"ஏய்யா, அவ எந்தக் கிணத்துல தண்ணி எடுப்பா?"

"நம்ம கிணத்துலதான். வேணும்னா கொதிக்க வெச்சுக் குடிக்கலாம்."

"முதல்ல உன்னையக் கொதிக்க வைக்கணும்."

"அவ உன் கையில வளர்ந்த பொண்ணு, சபைனா."

"பார்பராவும் என் கையிலதான் வளர்ந்தா."

பார்பராவை உனக்கு நினைவிருக்காது. அத்தையின் கடைசித் தங்கை. காய்ச்சல் ஆஸ்பத்திரிக்கு அவளைக் கொண்டுபோனது என் வண்டிதான். போகும்போது வைக்கோல் மேல் உட்கார்ந்துகொண்டு, அப்போது வண்டி இழுத்த பிஷப்பின் அம்மாவை வழியெல்லாம் கிண்டல் செய்துகொண்டு வந்தாள். சரி, அதெல்லாம் பழைய கதை. உன் அத்தைக்கு மனசு இளகிய மனசு. கொஞ்சம் பொறு.

இப்படிக்கு,
நெப்போலியனுக்கு நடந்ததை அறிந்த ஒரே மனிதன்
ஃபெஸ்டஸ் மாமன்


துறைமுகத் தீவு
அக்டோபர் 2, 1911

அன்புள்ள மாமா,

கரி வெட்டி முடித்திருப்பீர்கள். அறுவடையும் முடிந்திருக்கும். டாக்டர் ஹோல்கம் ஒவ்வொரு தடவை படகிலிருந்து இறங்கும்போதும் நான் கரைக்குப் போய் நிற்கிறேன். கடிதம் இல்லை என்று தூரத்திலிருந்தே தலையை ஆட்டிவிடுகிறார். பாவம், அவருக்கும் என்னைப் பார்க்க சங்கடம். இப்போதெல்லாம் படகு கரைக்கு வரும்போதே குனிந்து பையைத் தேட ஆரம்பித்துவிடுகிறார்.

எனக்கு இங்கே ஒரு சின்ன வீடு கொடுத்திருக்கிறார்கள். அடுப்பு உண்டு. எனக்கு மட்டும் சமைத்துக்கொள்ளலாம். மாமா, ஒருத்திக்காகச் சமைப்பது எப்படி என்றே எனக்குத் தெரியவில்லை. உப்பு கைக்கு அகப்படமாட்டேன் என்கிறது. பத்துப் பேர், பதினைந்து பேர் என்றால் கை தானாகப் போடும். முதல் வாரம் ஒரு சட்டி கறி செய்துவிட்டேன், யாருக்கு என்று செய்தேனோ. படகோட்டியைக் கூப்பிட்டேன். "வேணாம்மா, இப்பத்தான் சாப்பிட்டேன்" என்றான். அவன் அப்போதுதான் என்னிடம் பசிக்கிறது என்று சொல்லியிருந்தான். அதைக் கடல் பறவைகளுக்குப் போட்டேன். அவை நன்றாகத்தான் இருக்கின்றன.

அத்தைக்குப் பயம் என்று உங்கள் கடிதத்திலேயே தெரிந்தது. நீங்கள் எவ்வளவு பெரிய சத்தம் போட்டு எழுதினாலும் அதற்குள் அத்தையின் குரல் கேட்டது. அத்தையைக் கோபிக்காதீர்கள். நான் ஒரு வழி யோசித்திருக்கிறேன்.

இந்த மாதக் கடைசியில் சகல புனிதர் திருநாளுக்கு முந்தின இரவு வருகிறதே. அந்த இரவுக்கு நம் ஊரில் சுடுகிற பிராக் ரொட்டி ஒன்றை உங்களுக்குச் சுட்டு அனுப்புகிறேன். அம்மா சுடுகிற மாதிரியே, தேநீரில் ஊறின திராட்சை போட்டு. அனுப்பலாமா என்று முதலில் டாக்டரைக் கேட்டேன். நடுப்பாகம் வரைக்கும் அடுப்பில் வெந்த ரொட்டியில் எந்தக் கிருமியும் தங்காது என்றார். "நிச்சயமாத் தெரியுமா சார்?" என்றேன். "நிச்சயமாத் தெரியும்" என்றார். "அப்படின்னா ஒரு துண்டு சாப்பிடுங்க" என்றேன். கேட்டிருக்கக் கூடாதுதான். மனுஷர் அசந்துவிட்டார். பிறகு ஜன்னல் பக்கம் போய் நின்று, முதுகைக் காட்டிக்கொண்டு, முழுத் துண்டையும் சாப்பிட்டார். இது நடந்து மூன்று வாரம் ஆயிற்று. நேற்றுகூட வந்தார், கொழுகொழு என்றுதான் இருக்கிறார்.

அந்த ரொட்டி சோதனைக்குச் செய்தது. உங்களுக்கு வருவதைப் புதிதாகச் செய்தேன், துணி சுற்றித் தகர டப்பாவில் வைத்து இன்றைக்குத்தான் அனுப்புகிறேன்.

அத்தை ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டால் போதும், மாமா. முழுசு வேண்டாம். அத்தை சாப்பிட்டுவிட்டு, இரண்டு நாள் கழித்து ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்துகொண்டால், அப்புறம் கடிதம் தானாக எழுதப்பட்டுவிடும். நான் வீட்டுக்கு வந்துவிட்ட மாதிரிதான்.

உருளைக்கிழங்கு விளைச்சல் எப்படி? உனா உயரமாகிவிட்டாளா?

உங்கள்
டெலியா


கில்ஷானா
நவம்பர் 5, 1911

பிராக் ரொட்டியின் பேரரசி டெலியாவுக்கு, வாழ்க, வாழ்க!

வந்தது! உன் டப்பா வந்தது! ரயில் நிலையத்திலிருந்து அதை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தபோது பிஷப் என் பேச்சைக் கேட்காமல் வாழ்க்கையில் முதல் தடவையாக நாலுகால் பாய்ச்சலில் ஓடியது. வாசனை அப்படி! வழியிலிருந்த ஊர்களில் எல்லாம் ஜன்னல்கள் திறந்தன. கட்டிலோடு கிடந்த ஒரு நோயாளி எழுந்து வந்து வேலி ஓரத்தில் நின்று, "யார் வீட்டுக் கல்யாணம்?" என்று கேட்டார்.

திருநாள் இரவில் மேஜை நடுவில் வைத்தோம். உன் அத்தை நல்ல விரிப்பை எடுத்துப் போட்டாள், பாட்டியார் காலத்துக் கத்தியைத் தீட்டினாள். நான் எழுந்து நின்று ஒரு சிறு உரை நிகழ்த்தினேன். சிறு உரைதான். உனா நடுவில் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிட்டாள். அப்புறம் வெட்டினோம். ஆகா! திராட்சை ஒவ்வொன்றும் புறா முட்டை! முதல் துண்டு உன் அத்தைக்கு. வாயில் போட்டாள், கண்ணை மூடினாள், "என் நாத்தனார் திரும்பி வந்த மாதிரி இருக்கு" என்றாள். கோய்ன் பாதிரியார் தற்செயலாக வந்தார். இரண்டு துண்டு தின்றுவிட்டு மூன்றாவதை அங்கிக்குள் மறைத்ததை நான் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தேன். நம் சபைக்கு ஒரு கௌரவம் இருக்கிறதல்லவா.

இப்போது முக்கியமான செய்திக்கு வருகிறேன். உட்கார்ந்துகொள். குறி பார்க்க வழக்கப்படி ரொட்டிக்குள் ஒளித்து வைத்தாயே, அந்த மோதிரம் யாருக்கு வந்தது தெரியுமா? உனாவுக்கு! கடித்தவள் "ஐயோ, பல்லு!" என்று கத்தினாள், எடுத்துப் பார்த்தால் மோதிரம். வெட்கத்தில் அவள் முகம் சிவந்த சிவப்பில் விளக்கே தேவைப்படவில்லை. வருகிற வருஷம் கல்யாணம் நிச்சயம், மோதிரம் பொய் சொல்லாது. கந்தல் துணி எனக்கு வந்தது. வறுமையாம். எனக்குப் புதிதாக வேறு வர வேண்டுமா என்ன! குச்சி உன் அத்தைக்கு. புருஷனை அடிக்கிற யோகமாம். "குச்சி எதுக்கு? இவருக்கு என் நாக்கே போதும்" என்றாள். சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்தது. சிரிப்பினால் மட்டும்தான் வலித்தது என்பதை உன் டாக்டருக்குச் சொல்.

ஒரு துணுக்கு மிச்சமில்லை. டப்பாவை வழித்து நக்கியது பிஷப்.

எல்லோரும் சௌக்கியம். உன் கையின் பக்குவம் மாறவே இல்லை. டாக்டருக்கான கடிதத்தை இந்த வாரமே முடித்துவிடுவேன். மை மட்டும் கொஞ்சம் நீர்த்துப் போயிருக்கிறது.

இப்படிக்கு,
கந்தல் துணியின் அதிபதி, குச்சியின் கணவன், மோதிரத்தின் தகப்பன்
ஃபெஸ்டஸ் மாமன்


துறைமுகத் தீவு
டிசம்பர் 3, 1911

அன்புள்ள மாமா,

கடிதம் வந்தது. படித்துச் சிரித்தேன். அந்த நோயாளி வேலி ஓரத்தில் வந்து நின்றதை நர்சுக்கும் படித்துக் காட்டினேன்.

மாமா, நான் ரொட்டிக்குள் மோதிரம் வைக்கவில்லை.

துணியும் வைக்கவில்லை, குச்சியும் வைக்கவில்லை. வைக்கத்தான் நினைத்தேன். பித்தளை மோதிரம் ஒன்று நர்சிடம் கேட்டு வாங்கிக்கூட வைத்திருந்தேன். மாவைப் பிசைந்து முடித்துவிட்டு அதைக் கையில் எடுத்தபோது, வேண்டாம் என்று தோன்றியது. டெலியா ரொட்டிக்குள் எதையோ ஒளித்து அனுப்பினாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அதனால் மாவும் திராட்சையும் மட்டும்தான். கத்தி எந்தப் பக்கம் போனாலும் திராட்சைதான் வந்திருக்கும்.

கத்தி போயிருந்தால்.

நீங்கள் வருத்தப்பட வேண்டாம். நான் எதுவும் கேட்கவில்லை. டப்பாவை என்ன செய்தீர்கள் என்றும் கேட்கவில்லை. கோழிகளுக்குக்கூடப் போட்டிருக்க மாட்டீர்கள், அத்தை விட்டிருக்க மாட்டாள். அத்தை மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கானியின் அம்மா இப்போது என் கையால் ஒரு வாய் சாப்பிடுவாளா என்று யோசித்துப் பார்த்தேன். மாட்டாள்.

டாக்டர் ஹோல்கம் வந்தபோது, "வீட்ல எல்லாரும் சாப்பிட்டாங்களா?" என்று ஆசையாகக் கேட்டார். "சாப்பிட்டாங்க சார், ரொம்ப நல்லா இருந்துச்சாம்" என்றேன். "அப்ப கடிதம் வந்துடும்" என்றார். "மாமா வீட்டுல இடம் கொஞ்சம் நெருக்கடி, பொண்ணுக்கு வேற கல்யாணம் கூடி வருது" என்று சொல்லிவிட்டேன். தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார்.

ஆகவே நீங்கள் அவருக்கு எழுத வேண்டாம். மேல் அறைக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தால் அதில் உனா படுத்துக்கொள்ளட்டும்.

இந்தத் தீவிலேயே துணி துவைக்கிற இடத்தில் வேலை தருகிறார்கள். கையைக் கொதிக்கிற தண்ணீரிலும் சோடாக் காரத்திலும் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதுவும் நல்லதுதான் என்கிறாள் நர்சு.

பண்டிகைக்கு எல்லோருக்கும் என் அன்பு.

டெலியா


கில்ஷானா
ஜனவரி 7, 1912

டெலியா,

உன் கடிதம் பண்டிகைக்கு முன்பே வந்துவிட்டது. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது.

உன் அத்தையிடம் படித்துக் காட்டினேன். அன்றைக்கே நான் மேஜைக்கு வந்து உட்கார்ந்து டாக்டருக்கு எழுத ஆரம்பித்தேன். "ஐயா, டெலியா டூஹி என் தங்கையின் மகள்" என்று எழுதினேன். பட்டம் எதுவும் போடவில்லை. அத்தை வந்து விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் கூப்பிட்டேன்.

"சபைனா, விளக்கு."

"உனாவுக்கு அந்த வயசுதான்" என்றாள் உள்ளேயிருந்து. "பார்பரா போன வயசு."

இருட்டிலேயே தாளை மடித்து வைத்தேன். மறுநாள் பகலிலும் அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதில் இன்னும் அந்த ஒரு வரிதான் இருக்கிறது.

இதை வண்டிக் கொட்டகையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பிஷப் படுத்திருக்கிறது. கிழங்கு சுமாராக விளைந்தது. உனா நன்றாக இருக்கிறாள், கொஞ்சம் உயரமாகியிருக்கிறாள். கல்யாணப் பேச்சு ஒன்றும் இல்லை.

துவைக்கிற இடத்தில் தண்ணீர் ரொம்பச் சூடாக இருந்தால் கையைப் பார்த்துக்கொள்.

வேறு செய்தி இல்லை. இங்கே மழை பெய்கிறது. பெரிய மழை ஒன்றும் இல்லை, சாதாரண மழைதான்.

மாமா